கீறல் இல்லாத வட்டு

தோள்பட்டைப் பிரிவின் வாசலில் ஒரு பலகை தொங்கியது. ‘சிடி உள்ளே வரலாம். நோயாளி வெளியே காத்திருக்கவும்.’

டிகிரி அதை இரண்டு தடவை படித்தாள். எழுதியவர் அவசரத்தில் ஏதோ வார்த்தையை விட்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டாள். படித்தவள் இல்லையா, எங்கே பார்த்தாலும் எழுத்தில்தான் பிழை இருக்கும் என்று தோன்றும். எழுதியவர் எழுதியதைத்தான் சொல்ல வந்தார் என்று தோன்றாது.

டிகிரி என்பது வீட்டில் வைத்த பெயரில்லை, ஒட்டிக்கொண்ட பெயர். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். பட்டம் வாங்கிய அன்றே அவளுடைய சொந்தப் பெயர் செத்துப்போனது. “டிகிரி, குழாய்ல தண்ணி வருதான்னு பாரு” என்றுதான் அம்மா கூப்பிடுவாள். அப்பா லாரி ஓட்டுகிறவர். வீட்டில் இருக்கும் நாளில்கூட தூங்கிக்கொண்டுதான் இருப்பார். அம்மா ஒரு பெரிய ஓட்டலின் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவள். ஊர்பேர் தெரியாதவர்கள் படுத்துப் புரண்ட விரிப்புகளை நீவி நீவி, அந்த வலது கையால்தான் மகளைப் படிக்க வைத்தாள்.

அந்தக் கைதான் இப்போது தோளுக்கு மேல் எழும்ப மாட்டேன் என்கிறது. தலை வாரக்கூட மகள் வேண்டியிருந்தது.

“தோளுக்குள்ள நார் கிழிஞ்சிருக்கு” என்றார் பக்கத்துத் தெரு டாக்டர். “சீக்கிரம் தெச்சுடணும். விட்டீங்கன்னா நார் சுருங்கி உள்ள போயிடும். அப்புறம் இழுத்தாலும் வராது.”

மகளுக்குப் புரிவதற்கு முன்னால் அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. “துணி மாதிரிதான்டி. சுருங்குறதுக்கு முன்னாடி தெச்சாத்தான் தையல் நிக்கும்.”

தைக்கிற டாக்டர் இருந்தது அந்தப் பெரிய மருத்துவமனையில்தான். அதனால்தான் அம்மாவும் மகளும் இந்தப் பலகைக்கு முன்னால் நின்றார்கள்.

பலகைக்குப் பின்னால் ஒரு கண்ணாடித் தடுப்பு. தடுப்புக்குப் பின்னால், சிடிகளை வாங்கிப் பதியும் வட்டு அலுவலர். மேஜையின் நடுவில் ஒரு பழைய கம்ப்யூட்டர். அதற்குத் துணி உறை போட்டு, கழுத்தில் நாடா கட்டியிருந்தார்கள்.

“சிடி?” என்றார் வட்டு அலுவலர்.

“ஸ்கேன் எடுத்த இடத்துல இப்போ சிடி குடுக்கறதில்ல சார். ஃபோல்டராத்தான் குடுக்கறாங்க. பென்டிரைவ்ல போட்டுக் கொண்டு வந்திருக்கேன்.”

“ஃபோல்டர்னா?”

“ஃபைல் எல்லாம் வெச்சிருக்கிற இடம் சார்.”

“அப்போ அது இடம். எனக்குப் பொருள் வேணும். நான் இங்க இடத்தைப் பதிவு பண்ணிக்கிற ஆபீஸ் நடத்தல.”

“படம் எல்லாம் அதுலதான் சார் இருக்கு. எங்கம்மா தோளை ரொட்டி மாதிரி சீவிச் சீவிப் படம் எடுத்திருக்காங்க. டாக்டர் அதைப் பாத்தா போதாதா?”

வட்டு அலுவலர் அவளை இரக்கத்தோடு பார்த்தார். “டாக்டர் தோளைப் பாப்பாரு பாப்பா. நாங்க சிடியைப் பாப்போம். ஆளாளுக்கு ஒரு வேலை இருக்கில்ல?”

டிகிரி சிடி தேடிப் போனாள். மூன்றாவது தெருவில் இருந்த எலக்ட்ரானிக்ஸ் கடைக்காரர் சிரித்தே விட்டார். “மொட்டை மாடில புறா வராம இருக்கக் கட்டித் தொங்க விட்டிருக்கேன். வேணும்னா ஒண்ணை அவுத்துத் தரேன். எழுத வராது, பளபளன்னு மட்டும் இருக்கும்.”

வெறுங்கையோடு திரும்பி வந்தவள், நோயாளிகள் பெஞ்சில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவரைக் கவனித்தாள். சட்டையில் மூன்று நான்கு வீட்டுச் சுவர்களின் நிறம் ஒட்டியிருந்தது. பெயின்டர். ஆனால் அந்தப் பிரிவில் எல்லோரும் அவரை ‘விழுங்குனவர்’ என்றுதான் அழைத்தார்கள்.

“நான் ஒண்ணும் விழுங்கலம்மா” என்றார் அவர். “என் சிடியை அங்க துணி போட்டு மூடின கம்ப்யூட்டரோட டிரைவ் விழுங்கிடுச்சு. போட்டாங்க, உள்ள போச்சு, வெளிய வரல. அதோட அதுவும் செத்துப்போச்சு. அதுதான் இங்க இருந்த கடைசி டிரைவ்.”

“அப்போ வேற ஒண்ணு குடுக்க வேண்டியதுதானே?”

“ஒரு ஆளுக்கு ஒரு சிடிதான். என்னுது வந்து சேந்துடுச்சாம். வந்து சேந்த சிடியைப் பாக்க முடியலைங்கறது வேற விஷயமாம்.”

டிகிரி எழுந்து கண்ணாடித் தடுப்புக்குப் போனாள். “சார், அந்த டிரைவ் முகத்துல குண்டூசி அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கும். ஊசி ஒண்ணை உள்ள விட்டு அழுத்தினா தட்டு வெளிய வந்துடும். என்கிட்ட கொண்டை ஊசி இருக்கு.”

வட்டு அலுவலர் எழுந்து நின்று கம்ப்யூட்டரைக் கையால் மறைத்துக்கொண்டார். “மருத்துவமனைச் சொத்தை ஊசியால குத்துவியா? அது என்ன வாய்ல போட்ட பல்லா, நெம்பி எடுக்க?”

பிறகு குரலைத் தணித்துக்கொண்டு நல்ல செய்தி சொன்னார். இனி டிரைவே வேண்டாமாம். சிடியும் வேண்டாமாம். இயக்குநர் புதிய திட்டம் ஒன்றைத் தொடங்கி வைத்திருக்கிறாராம். மெய்நிகர் வட்டு.

“வட்டு இருக்காது” என்றார் வட்டு அலுவலர். “ஆனா வட்டு மாதிரியே இருக்கும். உன் ஃபோல்டரை அப்படியே எடுத்து, வட்டா நடிக்கிற ஒரே ஃபைலா மாத்திக் கொண்டு வந்துடு. இடத்தைப் பொருளா ஆக்கறது. புரியுதா?”

டிகிரிக்கு நன்றாகவே புரிந்தது. ஃபோல்டரில் இருக்கும் படங்களைத்தான் டாக்டர் பார்க்கப் போகிறார். அதே படங்களைச் சிடி வேஷம் போட்ட ஒரு ஃபைலுக்குள் வைத்துக் கொடுத்தால், அவர் அந்த வேஷத்தைக் கலைத்து, உள்ளே இருக்கும் அதே ஃபோல்டரைப் பார்ப்பார். இது தேவையா என்று கேட்க வாயெடுத்தாள். அம்மா அவள் முழங்கையைக் கிள்ளினாள். இடது கையால்.

வீட்டுக்குப் போய், யாரோ விற்றுவிட்டுப் போன லேப்டாப்பைத் திறந்தாள். ஃபோல்டரைத் தேர்ந்தெடுத்தாள். வட்டுக்கு அம்மாவின் பெயரையே வைத்தாள். பொத்தானை அமுக்கினாள். பச்சைக் கோடு ஒன்று இடமிருந்து வலமாக ஓடி முடிந்தது. ஐஎஸ்ஓ என்று வால் முளைத்த ஒற்றை ஃபைல் வந்து உட்கார்ந்தது.

“அவ்ளோதானா?” என்றாள் அம்மா.

“அவ்ளோதான்.”

“இதுக்கா என்னைத் திருப்பி அனுப்புனான் அந்த ஆளு?”

மறுநாள் பென்டிரைவைத் தடுப்புக்குள் நீட்டியபோது வட்டு அலுவலர் அதை வாங்கவில்லை.

“உறை எங்க?”

“இது மெய்நிகர் வட்டு சார். உறை எதுக்கு?”

“வட்டுன்னா உறைல வரணும். மெய்நிகரா இருந்தா என்ன, அம்மணமா வரலாமா?”

எலக்ட்ரானிக்ஸ் கடைக்காரர் பழைய பிளாஸ்டிக் சிடி உறை ஒன்றைத் தேடிக் கொடுத்தார். பென்டிரைவை உள்ளே வைத்தால் உறை மூடவில்லை. ரப்பர் பேண்டு போட்டார்கள். வட்டின் முகத்தில் நோயாளியின் பெயரை மார்க்கரால் எழுத வேண்டும் என்று விதி. முகம் எது என்று அவள் கேட்டாள். வட்டு அலுவலர் பென்டிரைவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மூடியின் மேல் ஒரு சின்ன வட்டம் வரைந்தார். “இதுக்குள்ள எழுது.” வட்டத்தில் அம்மா பெயரின் முதல் எழுத்துக்கு மட்டும்தான் இடம் இருந்தது. அது போதும் என்றார். முகம் தெரிந்தால் சரி.

அடுத்தது கீறல் பரிசோதகர்.

மெலிந்த மனிதர். கை விரல்களின் ஓரத்தை மட்டும் வைத்துப் பொருள்களைப் பிடிக்கப் பழகியவர். சிடி காலத்தில் ஒவ்வொரு வட்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, சாய்த்து, கீறல் இல்லை என்று சான்று கொடுப்பது அவர் வேலை. திட்டம் மாறியபோது அந்தப் பதவியை நீக்க யாருக்கும் தோன்றவில்லை. அவரும் ஞாபகப்படுத்தவில்லை. பென்டிரைவை வாங்கி ஜன்னலில் பிடித்தார். கண்ணைச் சுருக்கினார்.

“தெரியல” என்றார் நேர்மையாக. “உள்ள இருக்கிற வட்டைத் திரைல காட்டுங்க.”

பக்கத்து மேஜையில் இருந்த கம்ப்யூட்டரில் பென்டிரைவைச் செருகினார்கள். திரையில் ஐஎஸ்ஓ ஃபைலின் படம் தெரிந்தது. குட்டி வட்டு ஒன்று, நடுவில் ஓட்டையோடு. கீறல் பரிசோதகர் திரையை மெல்லச் சாய்த்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

“கீறல் இருக்கு. ஏத்துக்க முடியாது.”

டிகிரி குனிந்து பார்த்தாள். திரைக் கண்ணாடியில் எப்போதோ சாவி உரசிய கோடு ஒன்று இருந்தது. குட்டி வட்டு அதற்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தது.

“சார், கீறல் கண்ணாடில இருக்கு.”

“கீறல் எங்க இருக்குங்கறது என் வேலை இல்ல. இருக்கா இல்லையாங்கறதுதான் என் வேலை.”

டிகிரிக்குக் கன்னத்தில் சூடு ஏறியது. நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்றுதான் இருந்தது. அம்மா பெஞ்சில் உட்கார்ந்து, எழும்பாத கையை எழும்பும் கையால் தாங்கிப் பிடித்திருப்பது தெரிந்தது. அவள் மவுஸைப் பிடித்து, அந்தக் குட்டி வட்டைத் திரையின் மறுமூலைக்கு இழுத்துப் போட்டாள்.

கீறல் பரிசோதகர் மறுபடி சாய்த்துப் பார்த்தார். அவர் முகத்தில் நிம்மதி பரவியது. “இப்போ சுத்தமா இருக்கு” என்று கையெழுத்துப் போட்டார். “நல்லாத் தொடைச்சுக் கொண்டு வந்திருக்கே.”

இனி என்ன இருக்கப் போகிறது என்று அம்மாவும் மகளும் எழுந்தார்கள். வட்டு அலுவலர் பென்டிரைவைச் செருகி, அளவைப் பார்த்து, உச்சுக்கொட்டினார்.

“பாதிக்கு மேல காலியா இருக்கே.”

“தோள் படம் அவ்வளவுதான் சார். தோளுக்கு மேல எங்கம்மாகிட்ட தோள் இல்ல.”

“சிடின்னா எழுநூறு எம்பி. ஒரு பக்கம் நிறைஞ்சு ஒரு பக்கம் காலியா இருந்தா சுத்தும்போது ஆடும்.”

“இது சுத்தாதே சார்.”

“சுத்தாதுன்னு நீ சொல்றே. சுத்திட்டா?”

காலி இடத்தை நிரப்புவதற்கு மருத்துவமனையே ஒரு வசதி செய்திருந்தது. திட்டத் தொடக்க விழாவில் இயக்குநர் பேசிய பேச்சின் வீடியோ. அதை எத்தனை தடவை வேண்டுமானாலும் ஃபோல்டரில் சேர்த்துக்கொள்ளலாம், தட்டுப்பாடு இல்லை. ஆனால் வரிசை முக்கியம். இயக்குநரின் பேச்சு முதல் ஃபோல்டரில் இருக்க வேண்டும். நோயாளியின் தோள் கடைசியில். வட்டைத் திறக்கிறவர் முதலில் பேச்சைக் கேட்டுவிட்டுத்தான் தோளுக்குப் போக முடியும்.

டிகிரி வீட்டில் உட்கார்ந்து புது வட்டு செய்தாள். சரியாகப் பதிந்திருக்கிறதா என்று பார்க்கும் சாக்கில் பேச்சு ஓடியது. “வட்டு என்பது உருண்டையானது” என்றார் இயக்குநர். “உருண்டையானதற்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. நமது சேவையும் அப்படித்தான். யாரும் அதன் முடிவைக் கண்டதில்லை.” கூட்டம் கை தட்டியது.

“உண்மையத்தானே சொல்றாரு” என்றாள் அம்மா. “இந்தாளை எதுக்குத் திட்டறே?”

புது வட்டை எடுத்துக்கொண்டு போன நாளில் இயக்குநரே நேரில் வந்திருந்தார். குறை கேட்கும் நாள். வெள்ளைச் சட்டை, பின்னால் நான்கு பேர், நான்கு பேர் கையிலும் எழுதும் அட்டை. பெஞ்சில் இருந்தவர்களைப் பார்த்துக் கனிவாகப் பேசினார்.

“நான் ஒளிவுமறைவு இல்லாத ஆள். முகத்துக்கு நேராக் குறை சொன்னா எனக்குப் பிடிக்கும். இந்தத் திட்டத்துல குறை இருக்கறவங்க வலது கையைத் தலைக்கு மேல தூக்குங்க.”

அது வலது தோள்பட்டைக் கூடம். பெஞ்சில் இருந்த ஒருவராலும் வலது கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது. தூக்க முடிந்தால் அவர்கள் வீட்டில் இருப்பார்கள். விழுங்குனவர் பல்லைக் கடித்துக்கொண்டு முயன்றார். கை மார்பு வரை வந்து நின்றது. இயக்குநர் பதில் வணக்கம் சொன்னார்.

“இடது கையைத் தூக்கலாமா?” என்றாள் டிகிரி.

“இடது தோள் நோயாளிகளுக்குத் தனிக் கூடம் இருக்கும்மா. அங்க இடது கையைத் தூக்கச் சொல்றோம். ரெண்டையும் கலந்தா கணக்குக் குழம்பும்.”

டிகிரி தன் வலது கையைத் தூக்கினாள். நேராக, விறைப்பாக, கல்லூரியில் கேள்வி கேட்கும்போது தூக்கிய மாதிரி.

“நீ நோயாளியா?”

“இல்ல. துணைக்கு வந்திருக்கேன்.”

“துணைக்கு வந்தவங்க கை கணக்குல வராது” என்றார் இயக்குநர் சிரித்துக்கொண்டே. பின்னால் இருந்த நால்வரும் எழுதிக்கொண்டார்கள். குறை எதுவும் இல்லை. வழக்கம்போல.

அவர் இடது தோள் கூடத்துக்குப் போனார். அங்கேயும் யாருக்கும் குறை இருக்கவில்லை.

வட்டு ஏற்றுக்கொள்ளப்பட்டது. வட்டு அலுவலர் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே வந்து கை குலுக்கினார். “உங்க வட்டு அட்மிட் ஆகுது. மூணாம் வார்டு, ஜன்னல் ஓரப் படுக்கை.”

“அம்மா எப்போ வரணும் சார்?”

“அம்மா எதுக்கு? வந்து சேந்த வரிசைப்படிதான் படுக்கை. வந்து சேந்தது வட்டு. துணைக்கு ஒருத்தர் வேணும்னா இருக்கலாம், ஒரே ஒரு அனுமதிச் சீட்டுத் தருவோம்.”

டிகிரி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். வாசல் பலகையில் எந்த வார்த்தையும் விடுபடவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இத்தனை நாளும் இவர்கள் ஏதோ தவறு செய்கிறார்கள் என்று நினைத்துத் திருத்தப் பார்த்ததுதான் அவள் செய்த தவறு. இவர்கள் மிகச் சரியாகச் செய்துகொண்டிருக்கிறார்கள். வேறு ஏதோ ஒன்றை.

“சரி சார்” என்றாள். “துணைக்கு எங்கம்மா இருப்பாங்க.”

மூன்றாம் வார்டில் வெள்ளை விரிப்பின் நடுவில் ரப்பர் பேண்டு போட்ட உறை படுத்திருந்தது. தலைமாட்டில் அட்டை தொங்கியது. சிஸ்டர் வந்து உறையின் மேல் புறங்கையை வைத்துப் பார்த்து, காய்ச்சல் இல்லை என்று எழுதினாள். பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அம்மா விரிப்பைத் தடவிப் பார்த்தாள்.

“ஓரம் சரியா மடிக்கல” என்றாள். “ஈரத்தோட இஸ்திரி போட்டிருக்காங்க.”

“மேல ஏறிப் படும்மா” என்றாள் டிகிரி.

“திட்டுவாங்கடி.”

“உன்னை யாருன்னு தெரிஞ்சாத்தானே திட்டுவாங்க. ஏறிப் படு.”

அம்மா உறையை ஓரமாக நகர்த்திவிட்டு, அதற்குப் பக்கத்தில் படுத்தாள். யாரும் எதுவும் சொல்லவில்லை. சுற்றிப் பார்த்தபோதுதான் டிகிரிக்குத் தெரிந்தது, அந்த வார்டில் எல்லாப் படுக்கையிலும் ஓரமாக ஓர் உறை இருந்தது. உறைகளுக்குப் பக்கத்தில் துணைக்கு வந்தவர்கள் வலி தாங்காமல் முனகிக்கொண்டிருந்தார்கள்.

மாலையில் சிஸ்டர் அட்டையில் ஒரு குறிப்பை மாட்டிவிட்டுப் போனாள். ‘வட்டுக்கு இனி ஆகாரம் கொடுக்கக் கூடாது. காலையில் அறுவை.’

“நீயும் எதுவும் சாப்பிடாதே” என்றாள் டிகிரி.

“அது பட்டினி கெடந்தா நான் எதுக்குடி கெடக்கணும்?”

“எதுக்கும் இரும்மா.”

காலையில் உறையைத் தள்ளுவண்டியில் ஏற்றினார்கள். துணைக்கு வந்தவர் கூடவே வரலாம் என்றார்கள். வண்டியில் இடம் நிறைய இருந்தது. அம்மா ஏறிப் படுத்துக்கொண்டாள்.

அறுவை அறை வாசலில் தோள் டாக்டர் நின்றுகொண்டிருந்தார். தூங்காத கண்கள். உறையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

“இதைத் திறக்கணும்னா ஒரு டிரைவ் இருக்கற மாதிரி கம்ப்யூட்டர்ல நடிக்க வெக்கணும். அதுக்கு அனுமதி கேட்டிருக்கேன். வரும்னு சொல்றாங்க. வந்தாலும் முதல்ல பேச்சைக் கேக்கணும்.” சற்று நிறுத்தி, “உருண்டையானதற்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை” என்று இயக்குநரின் குரலிலேயே சொன்னார். “எனக்கு முழுசும் மனப்பாடம்.”

“டாக்டர், என் போன்ல ஃபோல்டர் அப்படியே இருக்கு” என்றாள் டிகிரி. “காட்டவா?”

அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். போனை வாங்கி, படங்களை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். ஓரிடத்தில் நிறுத்தி, பெரிதாக்கி, தலையை ஆட்டினார். அம்மாவின் கையைப் பிடித்து மெல்ல உயர்த்திப் பார்த்தார்.

“இன்னும் சுருங்கல. இழுத்தா வரும்” என்றார். “சரியான நேரத்துக்கு வந்தீங்க.”

“நாங்க எப்பவோ வந்துட்டோம் டாக்டர்” என்றாள் டிகிரி. “சிடிதான் இப்போ வந்துச்சு.”

டாக்டர் போனைத் திருப்பிக் கொடுத்தார். வண்டியைத் தள்ளச் சொன்னார்.

தையல் நின்றது. சில நாளில் வட்டை டிஸ்சார்ஜ் செய்தார்கள். கனமான பொருள் தூக்கக் கூடாது என்று அதற்கு அறிவுரை எழுதிக் கொடுத்தார்கள். அம்மாவை டிஸ்சார்ஜ் செய்யவில்லை, அவள் அட்மிட்டே ஆகாததால். வெளிவாசலில் காவலாளி மட்டும் நிறுத்தினார். துணைக்கு வந்தவர் கையைத் தாங்கும் மருத்துவமனைப் பட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு எங்கே போகிறார் என்று கேட்டார்.

“வட்டுக்குப் பெரிசா இருந்துச்சு” என்றாள் அம்மா. “அதான் நான் போட்டுக்கிட்டேன்.”

அவருக்கு அது நியாயமாகப் பட்டது. விட்டுவிட்டார்.

கை மெல்ல மெல்ல ஏறியது. சுவரில் விரல்களை வைத்து நண்டு மாதிரி மேலே ஏற்றும் பயிற்சி. முதலில் சுவிட்ச் வரை. பிறகு காலண்டர் வரை. ஒருநாள் அலமாரி உச்சியில் இருந்த டப்பாவை எட்டி எடுத்துவிட்டு, எடுத்தது தெரியாமல் அம்மா சமையலைப் பார்க்கப் போனாள். டிகிரிதான் கதவோரம் நின்று அழுதாள்.

மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. திட்டத்தின் ஆண்டு விழாவாம். குணமான வட்டுகளுக்கு மரியாதை செய்கிறார்களாம். உங்கள் வட்டையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

“போலாம்டி” என்றாள் அம்மா. டிகிரி ஆச்சரியமாகப் பார்த்தாள். “அந்தப் பெயின்டர் என்ன ஆனாருன்னு பாக்கணும்.”

விழா அதே கூடத்தில்தான் நடந்தது. பெஞ்சுகளை மேடையாக்கி, அதற்கு மேல் விரிப்புப் போட்டிருந்தார்கள். உறைகள் வரிசையாக முன் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தன. நோயாளிகள் பின்னால் நின்றார்கள். விழுங்குனவரும் அங்கே ஒரு மூலையில் இருந்தார். சட்டையில் பழைய நிறங்கள் மங்கியிருந்தன, புதிதாக எதுவும் சேரவில்லை.

“இன்னும் பாக்கலியா?” என்றாள் அம்மா.

“சிடி உள்ளதான் இருக்கு. பத்திரமா இருக்குன்னு சொல்றாங்க” என்றார் அவர். “வேலைக்குக் கூப்பிடறவங்க நிறுத்திட்டாங்கம்மா. ஒரு கையால பாதிச் சுவர்தான் அடிக்க முடியுது. கீழ்ப் பாதி.”

இயக்குநர் பேசினார். வட்டு உருண்டையானது என்றார். கடைசியில் வழக்கமான இடத்துக்கு வந்தார். “எனக்கு ஒளிவுமறைவு கிடையாது. குறை இருக்கறவங்க வலது கையைத் தலைக்கு மேல தூக்குங்க.” சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

அம்மாவின் கை எழும்பியது.

தோளைத் தாண்டியது. காதைத் தாண்டியது. தலைக்கு மேல் போய் நின்றது. அந்தக் கூடத்தில் இதற்கு முன் அப்படி ஒரு காட்சி நடந்ததில்லை. எழுதும் அட்டை வைத்திருந்த நால்வரும் இப்போது எதை எழுதுவது என்று ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

இயக்குநர் முகம் மலர்ந்தது. “பாருங்க, கை எப்படிப் போகுது! நம்ம திட்டத்தோட வெற்றி இது.” எல்லோரும் கை தட்டினார்கள், இரண்டு கையும் சேராதவர்கள் தொடையில் தட்டினார்கள். அம்மா கையை இறக்கவில்லை.

வட்டு அலுவலர் ஓடிவந்து இயக்குநர் காதில் ஏதோ சொன்னார்.

“ஓ. நீங்க துணைக்கு வந்தவங்களாம்மா? துணைக்கு வந்தவங்க கை கணக்குல வராதே.”

“எண்ண வேண்டாம் சார்” என்றாள் அம்மா. “பாத்தா போதும்.”

“பாத்துட்டோம். இறக்குங்க.”

“அந்தப் பெயின்டரால தூக்க முடியாது. அவருக்கும் சேத்துத் தூக்கியிருக்கேன். இது இஸ்திரி போடற கை, வலிக்காது. நீங்க நிதானமாப் பேசி முடிங்க.”

இயக்குநர் பேச முயன்றார். கண் அந்தக் கைக்கே போனது. நால்வரின் கண்ணும் அங்கேதான். கீறல் பரிசோதகர் அதைச் சாய்வாகப் பார்த்துக்கொண்டிருந்தார். வட்டு அலுவலர் முதுகைக் காட்டி நின்றார், அவருக்குப் பின்னால் கண்ணாடித் தடுப்பு திறந்து கிடந்தது.

டிகிரி உள்ளே போனாள். துணி உறையைத் தூக்கினாள். தலையிலிருந்து கொண்டை ஊசியை உருவி, பல்லால் நிமிர்த்தி, அந்தச் சின்ன ஓட்டைக்குள் விட்டு அழுத்தினாள். தட்டு முனகிக்கொண்டு வெளியே வந்தது. அதன் மேல் பெயின்டரின் சிடி.

யாரோ பார்த்துவிட்டார்கள். சலசலப்பு எழுந்தது. அவள் ஓடவில்லை. நேராகக் கீறல் பரிசோதகரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் அதை விரல் ஓரங்களால் வாங்கினார். எத்தனையோ காலத்துக்குப் பிறகு உண்மையான வட்டு. ஜன்னலுக்குப் போனார். வெளிச்சத்தில் பிடித்து, சாய்த்துப் பார்த்தார்.

“கீறல் இல்ல” என்றார்.

அப்போதுதான் அம்மா கையை இறக்கினாள்.

விழா அறிக்கையில், குறை எதுவும் பெறப்படவில்லை என்றும், துணைக்கு வந்த ஒருவர் இடையில் கைப்பயிற்சி செய்தார் என்றும் எழுதினார்கள். கீறல் இல்லை என்று சான்று ஆகிவிட்ட வட்டைத் திருப்பி அனுப்ப விதியில் இடமில்லை. அன்று மாலை அந்த சிடி மூன்றாம் வார்டில் அட்மிட் ஆனது.

துணைக்குப் பெயின்டர் போனார்.